நியூ ரேடிகல்ஸ்: ஒரே ஆல்பத்தோடு கடையைச் சாத்தியது சரியா?

ஜூன் 4, காலை (குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது)

"அண்ணே, நியூ ரேடிகல்ஸ் என்று ஒரு அமெரிக்கக் குழு. ரீல்ஸில் அவர்கள் பாட்டு ஒன்று வந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. தேடிப் பார்த்தால் மொத்தமே ஒரு ஆல்பம்தான். பாட்டு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழுவைக் கலைத்துவிட்டார்களாம். நாங்கள் இங்கே திருவிழாவுக்கு ஒரு மேடை கிடைக்காதா என்று நாயாக அலைகிறோம். அவர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு இது கோழைத்தனமாகத்தான் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

ஜூன் 4, இரவு

கோழை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீயே யோசித்துப் பார்.

நியூ ரேடிகல்ஸ் என்றால் கிரெக் அலெக்ஸாண்டர்தான். மிச்சிகன் மாநிலத்துக்காரர். பாட்டு, இசை, தயாரிப்பு எல்லாம் அவர் கை. கூடவே நிலையாக இருந்தவர் டேனியல் பிரிஸ்புவா, சின்ன வயதில் டிவி தொடர்களில் நடித்துப் பெயர் வாங்கிய பெண். மற்றவர்கள் ஒலிப்பதிவுக்கும் மேடைக்கும் வந்துபோனவர்கள். அதனால் 'குழு கலைந்தது' என்றதும் நாலு கூட்டாளிகள் சண்டை போட்டுப் பிரிந்த மாதிரி நினைக்க வேண்டாம்.

இதற்கு முன்னால் அலெக்ஸாண்டர் தனியாக இரண்டு ஆல்பம் போட்டிருக்கிறார், 1989-ல் ஒன்று, 1992-ல் ஒன்று. இரண்டும் விற்கவில்லை. 1998 அக்டோபரில்தான் எம்சிஏ இசை நிறுவனம் 'மேபி யூவ் பீன் பிரெயின்வாஷ்ட் டூ' ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அதிலிருந்து முதலில் விட்ட பாட்டு 'யூ கெட் வாட் யூ கிவ்'. நீ ரீல்ஸில் கேட்டது அதுவாகத்தான் இருக்கும். கனடாவில் முதலிடம், பிரிட்டனில் 5, அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் 36. ஆல்பம் அமெரிக்காவில் பிளாட்டினம். அடுத்த பாட்டு 'சம்டே வீல் நோ' கடைக்கு வருவதற்கு முன்பே, 1999 ஜூலையில், குழு முடிந்தது என்று அறிக்கை விட்டுவிட்டார்.

அந்த அறிக்கையில் காரணத்தை ஒளிக்கவில்லை. ராத்திரிக்கு ஒரு ஓட்டல், மூணு மணி நேரத் தூக்கம், மறுநாள் ரேடியோக்காரர்களோடும் கடைக்காரர்களோடும் இளித்துக்கொண்டு நிற்பது, இது எனக்கு ஒத்துவராது, இனி மற்றவர்களுக்குப் பாட்டு எழுதியும் தயாரித்தும் பிழைத்துக்கொள்கிறேன் என்பதுதான் சாரம். பத்து வருடம் தோற்ற மனிதர், ஜெயித்த வருடத்திலேயே இப்படிச் சொல்கிறார். கோழைக்கு இது வராது.

ஜூன் 5

கீழே ஒருவர் எழுதியிருக்கிறார், பாட்டின் கடைசியில் பெரிய பெரிய ஆட்களை வம்புக்கு இழுத்தார், அவர்கள் எதிர்த்ததும் பயந்து ஓடிவிட்டார் என்று. அப்படி இல்லை.

அந்தப் பாட்டின் வாலைக் கவனமாகக் கேட்க வேண்டும். முதலில் மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகள், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பெரிய வங்கிகள் என்று வரிசையாகத் தாக்குகிறார். அதற்கு அப்புறம்தான் பெக், ஹான்சன், கோர்ட்னி லவ், மேரிலின் மேன்சன் என்று நாலு இசைப் பிரபலங்களின் பெயர், வந்தால் அடிப்போம் என்கிற மிரட்டலோடு. இதை வேண்டுமென்றேதான் செய்தேன் என்று பிற்பாடு அவரே சொன்னார். பத்திரிகைக்காரர்கள் முதல் பாதியைப் பிடிக்கிறார்களா, இரண்டாம் பாதியைப் பிடிக்கிறார்களா என்று பார்க்கத்தான். என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும். வங்கியைப் பற்றி ஒரு ஆளும் கேட்கவில்லை, எல்லோரும் மேன்சனிடம் மைக்கை நீட்டினார்கள். மேன்சன், அந்த ஆள் என்னை அடிப்பேன் என்று சொன்னதுகூடப் பரவாயில்லை, கோர்ட்னி லவ்வோடு என் பெயரை ஒரே வரியில் சேர்த்ததைத்தான் தாங்க முடியவில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். பிரமாதமான பதில் அது.

அந்த ஹான்சன் சகோதரர்கள் 2004-ல் ஒரு ஆல்பம் போட்டார்களே, அதில் ஒரு பாட்டை அவர்களோடு சேர்ந்து எழுதியது இதே அலெக்ஸாண்டர்தான். வம்பு, பயம் என்பதெல்லாம் அதோடு அடிபட்டுப் போகிறது.

ஜூன் 5, ராத்திரி

வீடியோவைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அது நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் மாலில் எடுத்தது. பையன்கள் மாலையே கைப்பற்றுவார்கள், கோட்டுப் போட்ட ஆட்கள் நாய்க்கூண்டுக்குள் கிடப்பார்கள். அந்த மீன்பிடித் தொப்பியைப் போட்டுக்கொண்டு குதிக்கிறவர்தான் அலெக்ஸாண்டர்.

ஜூன் 7

நேற்றெல்லாம் மழை, கரண்டும் இல்லை. சும்மா படுத்திருக்கும்போது பழைய நினைப்பு.

நான் இந்தப் பாட்டை முதலில் பார்த்தது கேபிள் டிவியில். அப்போது எங்கள் தக்கலைப் பக்கம் கேபிள்காரர் எந்த சேனலை எந்த மாதம் கட் பண்ணுவார் என்று சொல்ல முடியாது. எம்டிவி ஒரு வாரம் வரும், ஒரு வாரம் அந்த இடத்தில் மலையாளப் படம் ஓடும். நடுவில் எப்போதோ இந்தப் பாட்டு. அஞ்சு நிமிஷப் பாட்டு, அதில் ஒரு நொடிகூடச் சோர்வு இல்லை. பாடுகிற ஆள் கீழ்க்குரலில் பேசுகிற மாதிரி ஆரம்பித்து, பல்லவிக்கு வரும்போது பொய்க்குரலுக்குத் தாவுகிறார், அது உடைந்துவிடுமோ என்று நமக்குப் பயமாக இருக்கும், உடையாது. நான் அப்போது சர்ச்சில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பியானோ என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க அந்தப் பாட்டு மறுபடி எப்போது வரும் என்று டிவி முன்னாலேயே கிடந்தேன். கேசட் கிடைக்குமா என்று திருவனந்தபுரத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

எங்களுக்கும் ஒரு குழு இருந்தது. குமரி மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சர்ச்சிலும் இளைஞர் கூட்டம், ஒவ்வொரு இளைஞர் கூட்டத்திலும் ஒரு கிதார், ஒரு கீபோர்டு, எங்கிருந்தோ ஒரு ட்ரம் செட். டிசம்பர் வந்தால் டெம்போவில் ஏறி கேரல் ரவுண்ட்ஸ், திருவிழா என்றால் கடைசி நாள் இன்னிசைக் கச்சேரி. நாங்கள் ஆராதனைப் பாட்டோடு நிற்காமல் சொந்தமாகவும் பாட்டுப் போட்டோம். தமிழில், ராக் மாதிரி, ஆனால் நம் ஊர்த் தாளத்தோடு. எங்கள் பாடகனுக்கு அப்படி ஒரு குரல். முட்டத்துக்காரன், கடல் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. குளச்சல் பக்கம் ஒரு மேடையில் அவன் பாடி முடித்ததும் கீழே இருந்த பெரியவர்கள் எழுந்துவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த டிசம்பருக்குக் கச்சேரிகள் பேசி வைத்திருந்த நேரத்தில் அவனுக்கு மஸ்கட் விசா வந்தது. போய்விட்டான். தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன், வேறு வழியே இல்லை. எங்கள் குழு அங்கேயே முடிந்தது. அலெக்ஸாண்டர் விஷயத்தை நான் முதலில் கேள்விப்பட்டபோது என் நெஞ்சில் வந்தது இவன் முகம்தான், அதனால்தான் அவரைக் கோழை என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

ஜூன் 8

மார்த்தாண்டத்து நண்பர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: மேடையை விட்டால் காசுக்கு எங்கே போவார்?

மேடையை விட்டதால்தான் காசு வந்தது என்றுகூடச் சொல்லலாம். அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஓடினால் எழுதியவருக்கும் இசை போட்டவருக்கும் ராயல்டி உண்டு, பாடினவருக்கு ஒரு பைசா கிடையாது. இது அங்கே இன்றுவரை உள்ள நிலை. அப்படியென்றால் ஊர் ஊராகப் போய் ரேடியோக்காரனிடம் பல்லைக் காட்டுவதை வேறு பாடகர் செய்யட்டும், நான் வீட்டில் உட்கார்ந்து பாட்டு எழுதுகிறேன் என்று ஒருவர் நினைப்பது நல்ல கணக்குத்தான்.

அவர் எழுதினதைப் பார். 2000-ல் ரோனன் கீட்டிங் பாடி பிரிட்டனில் முதலிடம் போன 'லைஃப் இஸ் எ ரோலர்கோஸ்டர்'. 2002-ல் சந்தானாவும் மிஷெல் பிராஞ்சும் சேர்ந்த 'தி கேம் ஆஃப் லவ்', அதற்கு மறு வருடம் கிராமி. இரண்டும் ரிக் நோவெல்ஸோடு சேர்ந்து எழுதியவை, 'யூ கெட் வாட் யூ கிவ்'வும் இதே ஜோடிதான். 2001-ல் சோஃபி எல்லிஸ்-பெக்ஸ்டர் பாடிய 'மர்டர் ஆன் தி டான்ஸ்ஃப்ளோர்'. பிரிஸ்புவாவும் சும்மா இருக்கவில்லை, நடாஷா பெடிங்ஃபீல்டின் 'அன்ரிட்டன்' பாட்டை எழுதியவர்களில் அவர் ஒருவர். பின்னால் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' 2015-ல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இவ்வளவு பாட்டுக்குப் பின்னால் இருப்பவர் மார்த்தாண்டம் சந்தையில் உன் பக்கத்தில் நின்று மரச்சீனி வாங்கினாலும் உனக்குத் தெரியாது. அவர் கேட்டது அதைத்தான்.

நம் நாட்டிலும் 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் பாட்டெழுதுகிறவருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமை கெட்டிப்பட்டது. அந்த உரிமையைத் தயாரிப்பாளருக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது இப்போது. சொந்தப் பாட்டுப் போடுகிற பையன்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் மக்கா.

ஜூன் 11

மூணு நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. மேலே நான் எழுதினதெல்லாம் அலெக்ஸாண்டர் பக்கத்திலிருந்து. சரி, மேடைக்கு வாசிக்க வந்தவர்கள்?

'குழு' என்று பெயர் வைத்து ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனார். கிதார்காரர், பேஸ்காரர், ட்ரம்ஸ்காரர் எல்லோரும் அந்த வருடத்தை அதற்காக ஒதுக்கியிருப்பார்கள். பாட்டு ஏறிக்கொண்டிருக்கிறது, அடுத்த வருடமும் வேலை உண்டு என்று நம்பியிருப்பார்கள். ஒரு அறிக்கையில் அது முடிந்தது. அலெக்ஸாண்டருக்குக் கையில் பாட்டு இருந்தது, எங்கே போனாலும் கூடவே வரும். வாசிக்கிறவனுக்கு மேடைதான் இருந்தது. ஆல்பத்தில் கிதார் வாசித்த ரஸ்டி ஆண்டர்சன் பிற்பாடு பால் மெக்கார்ட்னி குழுவில் சேர்ந்து பெரிய ஆளாகிவிட்டார், அது அவர் திறமை. எல்லோருக்கும் மெக்கார்ட்னி வருவதில்லை.

இதை நான் எங்கிருந்து யோசிக்கிறேன் என்றால், எங்கள் ட்ரம்ஸ்காரன். திருவிதாங்கோட்டுப் பையன், அப்பா இல்லை. அடுத்த டிசம்பர் கச்சேரிகளை நம்பி வட்டிக்கு வாங்கி ட்ரம் செட் எடுத்தவன். பாடகன் மஸ்கட் போனதும் நாங்கள் எல்லோரும் அழுதது பாட்டுக்காக, அவன் ஒருத்தன் அழுதது கடனுக்காக. அந்தச் செட்டைப் பாதி விலைக்குத்தான் விற்க முடிந்தது. மீதிக் கடனை ரப்பர் வெட்டப் போய் அடைத்தான். பாடகன் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு கோபமும் இல்லை, வீட்டுக்காகப் போனான். ஆனால் போவது உறுதி என்று அவனுக்குத் தெரிந்த அன்றைக்கே ட்ரம்ஸ்காரனிடம் சொல்லியிருக்கலாம், செட் எடுக்காதே என்று. விசா கையில் வந்த பிறகுதான் சொன்னான்.

அதனால் என் கருத்து இப்போது இப்படி நிற்கிறது. விட்டுப் போக அலெக்ஸாண்டருக்கு முழு உரிமை இருந்தது. இது நமக்கு ஒத்துவராது என்று அவர் மனதில் என்றைக்குத் தெரிந்ததோ, அன்றைக்கே கூட வாசித்தவர்களுக்குச் சொல்லியிருந்தால்தான் அது முழுசாகச் சரி.

ஜூன் 12

"ஒரே ஒரு பாட்டுக்கு இவ்வளவு நீளமா அண்ணாச்சி" என்று கோட்டாற்றிலிருந்து ஒரு குரல்.

யூ2 குழுவின் கிதார்காரர் எட்ஜ், நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமைப்படுகிற பாட்டு எது என்று கேட்டபோது இந்தப் பாட்டைத்தான் சொன்னார். பாடகி ஜோனி மிட்செல் இந்தக் காலத்துப் பாட்டு எதையும் லேசில் மெச்ச மாட்டார். அவர் இந்தப் பாட்டை உயர்வாகச் சொன்னதோடு, ஜெயித்த கையோடு அந்தத் தொழிலை வேண்டாம் என்றதற்காகவே இந்த ஆளைப் பிடிக்கிறது என்கிற மாதிரி பேசினார். நான் நீளமாக எழுதலாம்.

ஜூன் 15

மறுபடி சேர்ந்தார்களா என்று கேட்டதற்கு. சேர்ந்தார்கள், ஒரு பாட்டுக்கு, அதே 'யூ கெட் வாட் யூ கிவ்'வுக்கு.

ஜோ பைடனின் மூத்த மகன் போ பைடன் மூளைப் புற்றுநோயில் 2015-ல் இறந்தார். அந்த நோய்க் காலத்தில் போ தம்மை அடிக்கடி கேட்க வைத்த பாட்டு இதுதான் என்று பைடன் பின்னர் தம் புத்தகத்தில் எழுதினார். 2021 ஜனவரி 20, பைடன் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற நாளில், கொரோனாவால் ஊர்வலத்தைக் காணொளியாக நடத்தினார்கள். அதில் நியூ ரேடிகல்ஸ் வந்து இந்தப் பாட்டை வாசித்தார்கள், 22 வருடத்துக்குப் பிறகு. அதே தொப்பி. இத்தனை வருடம் எவ்வளவோ பேர் பணத்தைக் காட்டிக் கூப்பிட்டிருப்பார்கள், வராதவர் இதற்கு வந்தார்.

அந்த வீடியோவை நான் பார்த்தபோது அரசியல் எதுவும் மனதில் இல்லை. நோயோடு போராடுகிற மகனோடு சேர்ந்து ஒரு அப்பன் இதைக் கேட்டிருக்கிறார் என்பதுதான் இருந்தது. என் அப்பா கடைசியாகப் படுத்தபோது எங்கள் வீட்டில் பழைய கீர்த்தனைகளை மெதுவாகப் பாடிக்கொண்டே இருந்தோம். எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் இந்தக் கதையைச் சொன்னதும் அந்தப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டார். "சத்தமாத்தான் இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்றார்.

ஜூன் 16

'மர்டர் ஆன் தி டான்ஸ்ஃப்ளோர்' பற்றி விட்டுப்போனது. அதை அலெக்ஸாண்டர் தொண்ணூறுகளிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். நியூ ரேடிகல்ஸின் முதல் பாட்டாக அதை விடுவதா, 'யூ கெட் வாட் யூ கிவ்'வை விடுவதா என்று யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இதைவிட்டு அதைப் பிடித்திருந்தால் இந்தக் கதையே வேறு. 2023 கடைசியில் வந்த ஒரு ஆங்கிலப் படத்தின் கடைசிக் காட்சியில் சோஃபியின் பாட்டு ஒலித்து, 2024 ஜனவரியில் பிரிட்டிஷ் பட்டியலில் 2-ஆம் இடத்துக்கு மறுபடி ஏறியது, 2001-ல் எந்த இடத்தைத் தொட்டதோ அதே இடம். அந்த 2024-லேயே நியூ ரேடிகல்ஸ் பெயரில் தங்கள் வடிவத்தையும் வெளியிட்டார்கள், 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' பாட்டையும் சேர்த்து.

கேட்டுப் பார். சோஃபி குளிர்ச்சியாகப் பாடுவார், இவர் தவிப்போடு பாடுகிறார். எனக்கு சோஃபிதான்.

ஜூன் 20

குலசேகரத்துத் தம்பி தனியாக எழுதியிருந்தான். அவன் குழுவில் லீட் கிதார் பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறதாம், ஆகஸ்டில் போகிறானாம், டிசம்பரில் இரண்டு சர்ச்சுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டார்களாம், என்ன செய்ய என்று கேட்கிறான்.

முதலில் அந்த இரண்டு சர்ச்சுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிடு, இந்த வாரமே. லீட் இல்லாமல் வாசிக்கிறோம், சம்மதமா, இல்லை அட்வான்ஸைத் திருப்பித் தரட்டுமா என்று கேள். பெரும்பாலும் வாசியுங்கள் என்றுதான் சொல்வார்கள், டிசம்பரில் ஆள் கிடைப்பது அவர்களுக்கும் கஷ்டம். அட்வான்ஸை இன்னும் செலவு பண்ணவில்லை என்றால் அப்படியே வைத்திரு. யாராவது புதுச் சாமான் கடனுக்கு எடுக்க நினைத்தால் ஜனவரி வரை பொறுக்கச் சொல்.

போகிற பையனைத் திட்டாதே. ஜூலை முழுக்க அவன் இருக்கிறான் அல்லவா, உங்கள் சொந்தப் பாட்டுகளை அதற்குள் ஒலிப்பதிவு பண்ணிவிடுங்கள். நாகர்கோவிலில் ஸ்டுடியோ எடுக்கக் காசு இல்லையென்றால் சர்ச் ஹாலில் வைத்தே பண்ணலாம். எங்கள் குழுவின் ஒரு பாட்டுக்கூட இன்றைக்கு எங்கேயும் இல்லை. அந்த முட்டத்துக் குரலை என் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அலெக்ஸாண்டரிடம் அந்த ஒரு ஆல்பமாவது இருக்கிறது.

பாட்டு யார் எழுதினது, மெட்டு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

அப்புறம் நீ கேட்ட 'சம்டே வீல் நோ'. ஆமாம், அது தாராளமாக மேடைக்கு ஆகும், மெதுவான பாட்டு, லீட் இல்லாமலும் நிற்கும். மேண்டி மூர் ஒருமுறை பாடியிருக்கிறார், ஹால் அண்ட் ஓட்ஸ் டாட் ரண்ட்கிரனோடு சேர்ந்து பாடியிருக்கிறார்கள், இரண்டையும் கேட்டுவிட்டு உன் பாடகனுக்கு எது ஒத்துவருகிறதோ அந்தச் சுருதியில் எடு. ஒலிப்பதிவு முடிந்ததும் எனக்கு அனுப்பு. போனில் எடுப்பதாக இருந்தால் ட்ரம்ஸ் பக்கம் வைக்காதே, வேறு எதுவும் கேட்காது.